சாலையோரத்தில் ஒரு காவல்

 

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கோ ஆத்தூருக்கோ பகல் வேளையில் நீங்கள் பயணம் செய்ததுண்டா? இல்லையெனில் ஒருமுறை சென்று பாருங்கள். பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தால் இன்னும் நல்லது. இந்தப் பகுதியைச் சமவெளி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கண்ணை எந்தத் திசையில் திருப்பினாலும் ஒரு மலை நின்றுகொண்டிருக்கும். வடக்கே சேர்வராயன் மலை. நகரைத் தாண்டித் தெற்கே நகர்ந்தால் ஜருகுமலை. அதையடுத்துப் போதமலை. மேற்கே சற்று ஒதுங்கிக் கஞ்சமலை. வாழப்பாடிச் சாலையில் கோதுமலை. நாமக்கல்லை நெருங்குகையில் கிழக்கு வானத்தை அடைத்துக்கொண்டு கொல்லிமலை. இறைவன் விரித்த பசுங்கம்பளம் காற்றில் பறந்துவிடாதபடி ஓரங்களில் கற்களை வைத்தாற்போல இருக்கும் அந்தக் காட்சி.

இந்த மலைகளுக்கு நடுவேதான் நம் சாலைகள் ஓடுகின்றன. சீலநாயக்கன்பட்டி, மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் என்று தெற்கே இறங்கி நாமக்கல்லைத் தொடும் நெடுஞ்சாலைக்கு இன்று 44 என்று எண். முன்பு அதற்கு 7 என்று எண் இருந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிழக்கே அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் வழியே ஆத்தூர் சென்று உளுந்தூர்ப்பேட்டையை அடைவது மற்றொரு சாலை. இரு பக்கமும் மரவள்ளித் தோட்டங்கள், ஜவ்வரிசி ஆலைகளின் களங்கள், சோளக் கொல்லைகள், இடையிடையே கோழிப் பண்ணைகளின் நீண்ட கூரைகள். 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், லாரிகளுக்கும் முட்டைக்கும் நாடறிந்த ஊர். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளின் சம்மட்டி ஓசை அந்த ஊரின் மூச்சு எனலாம்.

பகலில் இந்தச் சாலை மனிதருக்கு உரியது. இரவில் அதற்கு வேறு பங்காளிகளும் உண்டு என்பதை நான் வெகு தாமதமாகத்தான் அறிந்துகொண்டேன். அறிந்துகொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் அதை உங்களிடம் சொல்ல வேண்டியது கடமை எனக் கருதியே இதை எழுதுகிறேன்.

அந்த இரவு

2024-ஆம் ஆண்டு ஷவ்வால் மாதத்தின் பிற்பகுதி. சித்திரை வெயில் சேலத்தைச் சுட்டெரித்துக்கொண்டிருந்த காலம். ஆத்தூரில் உறவினர் இல்லத்து நிகாஹ். விருந்து உண்டு, இஷாத் தொழுகையையும் முடித்துக்கொண்டு, பெண்களும் குழந்தைகளுமாகப் பதினொரு பேர் ஒரு வாடகை வேனில் சேலம் திரும்பினோம். ஓட்டுநர் நாமக்கல்லைச் சேர்ந்தவர். ஐம்பதைக் கடந்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் வடநாட்டுக்கு லாரி ஓட்டிவிட்டு, முதுகுவலி காரணமாக வேனுக்கு மாறியவர். முன்னிருக்கையில் அவருக்குப் பக்கத்தில் நான் அமர்ந்திருந்தேன்.

அவர் நிதானமாகவே ஓட்டினார். எனக்கோ அவசரம். பஜ்ருக்குப் பின் மதரஸாவில் பாடம் இருக்கிறது. சீக்கிரம் போய்ப் படுக்க வேண்டும் என்ற எண்ணம். "ரோடு காலியாகத்தானே இருக்கிறது, அண்ணே! கொஞ்சம் மிதிக்கலாமே" என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை அவர் மறுபேச்சின்றி வேகத்தைக் கூட்டினார். வாடகைக்கு அமர்த்தியவர் சொல்லும்போது ஓட்டுநரால் எத்தனை முறைதான் மறுக்க முடியும்?

வாழப்பாடியைக் கடந்து சிறிது தூரம் வந்திருப்போம். நிலவு இன்னும் எழவில்லை. வெகு முன்னே, விளக்கொளியின் விளிம்பில், ஒரு புள்ளிமான் சாலையைக் கடந்து இருளில் மறைந்தது. ஓட்டுநர் உடனே காலை எடுத்தார். வண்டி தளர்ந்தது. "அதுதான் போய்விட்டதே, போகலாம்" என்றேன் நான். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். அரை மனதோடு மீண்டும் மிதித்தார். அவ்வளவுதான். சாலையின் நடுத்திட்டில் இருந்த அரளிச் செடிகளுக்கு இடையிலிருந்து இரண்டாவது மான் பாய்ந்தது.

அவர் ஸ்டியரிங்கை ஒடிக்கவில்லை. நேராகப் பிடித்தபடியே பிரேக்கை அழுத்தினார். பெண்கள் கலிமாச் சொன்னார்கள். வண்டியின் முன்புறம் ஏதோ ஒன்று மோதும் ஓசை கேட்டது. பின்பு அமைதி. பின்னிருக்கையில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. அல்ஹம்துலில்லாஹ், எங்களில் எவருக்கும் காயமில்லை. முன்விளக்கு ஒன்று உடைந்திருந்தது. சாலையோரத்துப் புழுதியில் அந்தப் பெண்மான் கிடந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

நான் சொன்ன மறுமொழி

என் சகோதரியின் மகன், இருபத்திரண்டு வயது இளைஞன், கைப்பேசி விளக்கோடு ஓடிச்சென்று பார்த்தான். திரும்பி வந்து என்னிடம், "மாமா, உயிர் இருக்கிறது. இப்போதே பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்துவிட்டால் ஹலால்தானே? இல்லையென்றால் வீணாகச் செத்துவிடும்" என்றான். கல்யாண வீட்டுப் பாத்திரங்களோடு ஒரு கத்தியும் வண்டியில் இருந்தது.

கேட்டவன் என்னை ஹஜ்ரத் என்று நம்பிக் கேட்டான். நானும் பாடம் நடத்தும் பழக்கத்தில் உடனே விடை சொல்லிவிட்டேன். "அடிபட்ட பிராணி உயிரோடு இருக்கும்போது முறைப்படி அறுக்கப்பட்டால் ஆகும், அடிபட்டே செத்துவிட்டால் ஆகாது" என்றேன். சூரத்துல் மாயிதாவின் 3-ஆம் வசனம் தரும் சட்டம் அதுதான். விடையில் பிழை இல்லை. அவன் கத்தியை எடுக்கப் போனான்.

அப்போது ஓட்டுநர், உடைந்த கண்ணாடித் துண்டுகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டே, மெதுவாகச் சொன்னார்: "பாய், இது உங்கள் ஆடு இல்லையே."

வாசகர்களே! இருபது ஆண்டுகளாகப் பிக்ஹுப் பாடம் நடத்துகிறேன். ஒரு பொருள் நமக்கு ஆகுமா என்று கேட்பதற்கு முன்னால் அது யாருடையது என்று கேட்க வேண்டும் என்பதை முதலாண்டு மாணவனுக்கே நான் சொல்லித் தந்திருக்கிறேன். திருடிய ஆட்டைப் பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தவன் அதன் உரிமையாளனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் அல்லவா? அந்தப் பாடம் அந்த இரவில் எனக்கு நினைவு வரவில்லை. அரபி மொழியின் ஓர் எழுத்தும் அறியாத ஒரு லாரிக்காரர் அதை எனக்கு நினைவூட்டினார். நான் வெட்கித் தலைகுனிந்தேன்.

அந்த வெட்கத்தின் ஊடேதான் ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவிலும் நஸாயீயிலும் பதிவாகியுள்ள செய்தி அது. பெருமானார் (ஸல்) அவர்கள் தோழர்களுடன் இஹ்ராம் அணிந்து மக்காவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தார்கள். வழியில் ஒரு நிழலில் மான் ஒன்று சுருண்டு படுத்திருந்தது. அதன் உடலில் அம்பு தைத்திருந்தது. கூட்டமோ பெரிது, பின்னால் வந்துகொண்டே இருப்பவர்கள் பலர். நபிகளார் (ஸல்) அவர்கள் ஒரு மனிதரை அழைத்து, எல்லோரும் கடந்து செல்லும்வரை அந்த மானின் அருகே நிற்குமாறும், எவரும் அதைத் தொந்தரவு செய்யாதபடி பார்த்துக்கொள்ளுமாறும் பணித்தார்கள்.

இஹ்ராமில் வேட்டை கூடாது என்ற சட்டத்தை விளக்க இந்த ஹதீஸைப் பலமுறை வகுப்பில் ஓதியிருக்கிறேன். ஆனால் அங்கே நிறுத்தப்பட்ட அந்தத் தோழரைப் பற்றி நான் சிந்தித்ததே இல்லை. ஊரே நகர்ந்துகொண்டிருக்க, அடிபட்ட ஒரு பிராணிக்காக அவர் ஒருவர் மட்டும் தம் பயணத்தை நிறுத்திக்கொண்டு வெயிலில் நின்றாரே! அந்த இடம் அன்று எங்களுக்கு வாய்த்தது.

"கத்தியை உள்ளே வை" என்று மருமகனிடம் சொன்னேன். 112-க்கு அழைத்தோம். காவல் துறையினர் வனத்துறைக்குத் தகவல் தருவதாகச் சொன்னார்கள். பெண்களையும் குழந்தைகளையும் பின்னால் வந்த உறவினரின் வண்டியில் ஏற்றி அனுப்பினோம். ஓட்டுநரும் மருமகனும் நானும் நின்றோம். மானைத் தூக்கவோ தண்ணீர் புகட்டவோ முற்படாதீர்கள் என்று ஓட்டுநர் தடுத்தார். ஒரு துண்டை மட்டும் அதன் கண்களின் மேல் மெல்லப் போட்டார். அதன் பதற்றம் சற்று அடங்கியது. பதினொரு மணியளவில் கிழக்கே தேய்பிறை எழுந்தது. அந்த வெளிச்சத்தில்தான், வனக்காப்பாளர் வந்து சேர்வதற்குச் சிறிது முன்னர், அது உயிர் நீத்தது. இன்னா லில்லாஹ்.

சட்டம் சொல்வது

வனத்துறையினர் எங்கள் முகவரிகளையும் ஓட்டுநர் உரிம விவரத்தையும் குறித்துக்கொண்டார்கள். மறுநாள் கால்நடை மருத்துவர் உடற்கூறு ஆய்வு செய்தபின் புதைப்போம் என்றார்கள். நாங்களே தகவல் தந்து காத்திருந்ததால் விசாரணை நேராக முடிந்தது. அந்தச் சட்டத்தைப் பின்பு தேடிப் படித்தேன். நம் இல்லங்களில் வாகனம் வைத்திருப்போர் எல்லோரும் அறிய வேண்டிய செய்தி இது.

புள்ளிமான் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ள விலங்கு. அச்சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி, இறந்து கிடக்கும் காட்டு விலங்கும், தவறுதலாகக் கொல்லப்பட்ட காட்டு விலங்கும் அரசின் உடைமை. அதன் இறைச்சியும் அவ்வாறே. அப்படியொன்று எவர் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவித்தாக வேண்டும். அடிபட்டுக் கிடப்பதை அறுப்பது சட்டத்தின் பார்வையில் வேட்டையே. அதற்குச் சிறையும் அபராதமும் உண்டு, வண்டியும் பறிமுதலாகும்.

அன்று மருமகன் அறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எங்கள் அவசரத்தால் நேர்ந்த ஒரு விபத்து, எங்கள் கைகளால் ஒரு குற்றமாக மாறியிருக்கும். நாள் முழுதும் உழைத்துப் பிழைக்கும் அந்த ஓட்டுநரின் வண்டியும் போயிருக்கும். இதைவிடப் பெரிதொன்றும் உண்டு. பொதுவுடைமை என்பது அமானிதம். எவரும் பார்க்காத இரவில் அதற்கு நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் நம் ஈமான் சோதிக்கப்படுகிறது.

அவை ஏன் சாலைக்கு வருகின்றன?

காத்திருந்த அந்த இரண்டு மணி நேரத்தில் ஓட்டுநர் எனக்கு ஒரு மதரஸாவே நடத்திவிட்டார். பின்பு நான் படித்தறிந்தவையும் அவர் சொன்னதை உறுதி செய்தன.

மான் சாலைக்கு வருவதில்லை. நாம்தான் அதன் பாதையின் குறுக்கே சாலையைப் போட்டிருக்கிறோம். மலையடிவாரத்துக் காப்புக்காடு ஒரு புறம், வசிஷ்ட நதிக் கரையும் தோட்டத்துக் கிணறுகளும் மறுபுறம். புள்ளிமானுக்குத் தண்ணீர் அன்றாடத் தேவை. மாசி பிறந்தால் மலை ஓடைகள் வற்றுகின்றன. பங்குனி, சித்திரையில் அது தண்ணீரைத் தேடி இறங்குகிறது. இறங்கும் இடத்தில் பச்சைக் கொல்லையும் இருந்துவிட்டால் மறுநாளும் வருகிறது. மனிதரும் நாய்களும் அடங்கிய அந்தி, இரவு, விடியற்காலை ஆகியவையே அது நடமாடும் வேளைகள். நாம் மக்ரிபுக்குப் பின் விருந்துக்குப் புறப்பட்டு, நள்ளிரவில் திரும்பி, பஜ்ருக்கு முன் விமான நிலையம் செல்கிற வேளைகளும் அவையே.

சேர்வராயன் மலையில் மானைவிடப் பன்மடங்கு பெரிய காட்டெருமை உண்டு. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் வாழ்வோர் அதை நன்கறிவர். வளர்ந்த கிடாய்க்கு எடை 600 கிலோவைத் தாண்டும். ஆயிரம் கிலோவை எட்டுவதும் உண்டு. கொண்டை ஊசி வளைவில் அது நின்றால் கரிய பாறை நிற்பது போலவே இருக்கும். விளக்கு பட்டாலும் அதன் மேனி ஒளிராது. வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம் சகோதரர்கள் ஒட்டகத்தைப் பற்றி இதையே சொல்லக் கேட்டிருப்பீர்கள். உயரமான கால்களில் வண்டி மோதியதும் அதன் பேருடல் கண்ணாடியின் மீது சாய்கிறது. அங்கே நெடுஞ்சாலை ஓரங்களில் நீண்ட வேலிகளும் ஒட்டகப் படப் பலகைகளும் வைக்கப்பட்டிருப்பது இதனால்தான்.

ஓட்டுபவர் மனத்தில் கொள்ள வேண்டியவை

முதலாவது வேகம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிவிடுகிறது. கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி ஆகிறது என்று வையுங்கள். அதற்குள் 33 மீட்டர் கடந்துவிடும். பின்பு நல்ல சாலையில், நல்ல டயரோடு நிற்பதற்கு மேலும் ஏறத்தாழ 35 மீட்டர். ஆக 70 மீட்டர் அளவில் தேவை. டிம் செய்த விளக்கு அவ்வளவு தூரம் தெளிவாகக் காட்டாது. அதே வண்டி 40-இல் சென்றால் ஏறத்தாழ 25 மீட்டரில் நின்றுவிடும். இந்தக் கணக்கில் உயிர்கள் அடங்கியிருக்கின்றன. என் அவசரத்தால் எங்கள் வண்டி இழந்த மீட்டர்கள் எத்தனை என்று இப்போதும் எண்ணிப் பார்க்கிறேன்.

இரண்டாவது, ஒன்று கடந்தால் மற்றொன்று வரும். புள்ளிமான் தனித்து வாழும் பிராணி அன்று, மந்தையாக வாழ்வது. முன்னே போனதைப் பார்த்து "போய்விட்டது" என்று எண்ணாதீர்கள். அது வந்த திசையைப் பாருங்கள். நான்கு வழிச் சாலையில் நடுத்திட்டுச் செடிகளையும் பாருங்கள். ஒரு பக்கத்தைக் கடந்த மான் அந்தச் செடிகளைக் காடென்று எண்ணி ஒதுங்கி நிற்கும். பின்பு வண்டியின் ஓசையில் மிரண்டு பாயும்.

மூன்றாவது, இருளில் இரண்டு சிறு ஒளிப் புள்ளிகள் தெரிந்தால் அவை கண்கள் என்று கொள்ளுங்கள். மானின் விழிக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலத்தை இறைவன் அமைத்திருக்கிறான். அதனால்தான் மங்கிய வெளிச்சத்திலும் அதற்குப் பார்வை உண்டு. அதே காரணத்தால் நம் கூரிய விளக்கு நேரே பட்டால் திகைத்து நடுச்சாலையிலேயே நின்றுவிடும். எதிரே வண்டி இல்லாதபோது தூரத்தைக் காண விளக்கை உயர்த்தலாம். விலங்கு தென்பட்டவுடன் டிம் செய்து, வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு ஹாரன் அடித்து அதற்கு வழி கொடுக்க வேண்டும்.

நான்காவது, திடீரென ஒடிக்காதீர்கள். மானைத் தவிர்க்கப் போய்ப் புளியமரத்தில் மோதியவர்களையும், எதிர்வந்த லாரியில் மோதியவர்களையும் ஓட்டுநர் தம் வாழ்நாளில் கண்டிருக்கிறார். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, உறுதியாகப் பிரேக் அடிப்பதே அவர்களுடைய தொழில் மரபு. எங்கள் பதினொரு பேரையும் அல்லாஹ் காத்தது அந்த மரபின் வழியாகத்தான். காட்டெருமையோ யானையோ நின்றால் கதை வேறு. தொலைவிலேயே நின்றுவிட வேண்டும். வண்டியை விட்டு இறங்கவோ, படம் எடுக்க நெருங்கவோ கூடாது.

ஐந்தாவது, இருசக்கர வாகனத்தில் செல்லும் நம் பிள்ளைகள். அவர்களுக்கும் மானுக்கும் இடையே தகடு இல்லை, கண்ணாடி இல்லை. 70 கிலோவுக்கு மேல் எடையுள்ள கலைமான் ஒன்று பக்கவாட்டில் மோதினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. காட்டோரச் சாலையில் இரவுப் பயணத்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள். தவிர்க்க இயலாவிடில் தலைக்கவசமும் நிதானமும் கட்டாயம் என்று சொல்லுங்கள்.

மோதல் நேர்ந்துவிட்டால் முதலில் வண்டியை ஓரங்கட்டி, எச்சரிக்கை விளக்குகளை எரியவிடுங்கள். மனிதருக்குக் காயமிருந்தால் 108. தேசிய நெடுஞ்சாலையானால் 1033-க்கும் அழைக்கலாம். காவல் துறை வழியாகவோ நேராகவோ வனத்துறைக்குச் செய்தி சொல்லுங்கள். அடிபட்ட விலங்கைச் சூழ்ந்து கூட்டம் போடாதீர்கள். மான் அச்சத்தினாலேயே தசை இறுகி இறந்துவிடக்கூடிய பிராணி. தூக்குவது, இழுப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் நன்மை என்று எண்ணிச் செய்யும் தீமைகள். சாலையின் நடுவே இறந்து கிடந்தால், அடுத்து வரும் வண்டி அதில் ஏறிக் கவிழாதபடி எச்சரிக்கையோடு காவல் நில்லுங்கள். வழியில் கிடக்கும் இடையூறை நீக்குவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்பது நம் குழந்தைகளும் ஓதும் பாடம் அல்லவா?

ஒரே சாலையின் இரு காட்சிகள்

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்த சோதனை அன்று. அமெரிக்காவில் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் மானில் மோதுகின்றன. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் நெடுஞ்சாலைக்கு இருபுறமும் வேலியிட்டு, விலங்குகள் கடக்க மேம்பாலங்களும் கீழ்வழிகளும் கட்டினார்கள். மோதல்கள் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டன.

அவ்வளவு தூரம் போவானேன்? சேலத்தையும் நாமக்கல்லையும் தொட்டுச் செல்லும் இதே 44-ஆம் எண் சாலை வடக்கே மகாராஷ்டிரத்துக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் இடையே பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் காட்டைக் கடக்கிறது. அங்கே சாலையைத் தூண்களின் மேல் உயர்த்தி, கீழே விலங்குகளுக்கு ஒன்பது வழிகள் விட்டிருக்கிறார்கள். டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தார் 2019-இல் அவற்றின் அடியில் கேமராக்களைப் பொருத்திப் பார்த்தார்கள். 18 வகைக் காட்டு விலங்குகள் அந்த வழிகளைப் பயன்படுத்தியது பதிவாயிற்று. புலியும் நடந்தது. மிகுதியாக நடந்தது எது தெரியுமா? நம் புள்ளிமான்தான்! "நாக்பூருக்கு லோடு கொண்டு போகும்போது அந்தப் பாலத்தின் மேலே போயிருக்கிறேன், பாய். கீழே மான் போகிறது என்று அங்கே உள்ள டிரைவர்கள் சொல்வார்கள்" என்றார் எங்கள் ஓட்டுநர். அதே சாலை அங்கே விலங்குக்கு வழி விடுகிறது. நம் மலையடிவாரங்களிலும் அது இயலாத காரியம் அன்று.

பாலம் கட்ட இயலாத இடங்களில் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கர்நாடகத்தின் பந்திப்பூர்க் காட்டில் 2009 முதல் இரவு 9 மணிக்கு மேல் காலை 6 மணி வரை போக்குவரத்து நிறுத்தப்படுகிறது. சத்தியமங்கலத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைச் சாலையிலும் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி 10 முதல் இரவுக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. அதனால் லாரித் தொழிலுக்கும், காய்கறி ஏற்றிச் செல்லும் உழவருக்கும், மலைவாழ் மக்களுக்கும் சிரமம் உண்டு என்பது உண்மை. அதை இலேசாகப் பேசிவிட நான் விரும்பவில்லை. எனினும் இரவின் ஒரு பகுதியையாவது வாயில்லாப் பிராணிகளுக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் சிந்திக்கத் தக்கதே. நம் மலைச் சாலைகளில் சட்டம் அவ்வாறு சொல்லாவிடினும், நமக்கு நாமே அதை விதித்துக்கொள்ளலாம்.

நிறைவாக

சென்ற வாரம் மீண்டும் ஆத்தூர் போக வேண்டியிருந்தது. அதே ஓட்டுநரையே அழைத்தேன். அன்று உடைந்த விளக்கின் செலவை நான் கொடுத்தபோது பாதிதான் வாங்கிக்கொண்டார். "மிதித்தது என் கால்தானே, பாய்" என்றார். ஆனால் மிதிக்கச் சொன்ன நாவு யாருடையது என்பதை அவரும் அறிவார், நானும் அறிவேன், எங்கள் இருவரையும் படைத்தவனும் அறிவான்.

இருட்டிய பின் அந்த இடம் வந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. அவர் தாமாகவே வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த கார் ஒன்று ஹாரன் அடித்து முந்திச் சென்றது. வலப்புறம் கோதுமலையின் கரிய உருவம். நடுத்திட்டில் அரளிப் பூக்கள். மருமகன் சன்னல் வழியே அந்தச் செடிகளையே பார்த்துக்கொண்டு வந்தான். அன்றைய கேள்விக்கு நான் தந்த அரைகுறை விடையை அவனிடம் பின்பு திருத்திச் சொல்லிவிட்டேன். மதரஸா மாணவர்களுக்கும் சொல்லிவிட்டேன். இப்போது உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.

அன்பர்களே! வாகனத்தில் ஏறியதும் பயண துஆவை ஓதுகிறோம். அந்த வாகனத்தை நமக்கு வசப்படுத்தித் தந்தவனைத் துதிக்கிறோம். வசப்படுத்தித் தரப்பட்டது வாகனம் மட்டுமே. சாலையின் மறுபுறம் தண்ணீருக்காகக் காத்து நிற்கும் உயிர்கள் அல்ல. உங்களுக்கு ஓட்டுநராக வாய்த்தவர் வேகத்தைக் குறைத்தால், "ஏன்?" என்று கேட்காதீர்கள். நம் கண்ணுக்குத் தெரியாத எதையோ அவர் கண்டிருக்கலாம்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பயணங்களை நலமாக்கி, நம்மால் எந்த உயிருக்கும் இடர் நேராமல் காத்தருள்வானாக! ஆமீன்.